கடிச்சது யாரு?

ராத்திரி ரெண்டு மணி. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். பத்துக்குப் பத்து ரூம். மூன்று கட்டில். ஃபேன் 'கடக் கடக்' என்று பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறது. நடுக்கட்டில் இளைஞர் திடீரென்று எழுந்து உட்காருகிறார். பரக்... பரக்... லைட்டைப் போடுகிறார். ஒன்றும் இல்லை. அணைக்கிறார். மறுபடி பரக்... பரக்!

"கொசுடா. பேசாம படு."

"கொசு இல்லைடா. இது வேற ஏதோ..."

"அப்ப உடம்புச் சூடு. காலைல இளநீர் குடி."

காலையில் ஆபீஸ் போனால் ஆளுக்கொரு தீர்ப்பு. "சிலந்தி எச்சில் பட்டிருக்கு ஸார்" என்பார் சூப்பரின்டெண்டென்ட். "கத்தரிக்காய் சாப்பிட்டீங்களா?" என்பார் அக்கௌண்ட்ஸ் மேடம். "ரத்தம் கெட்டுப் போச்சு தம்பி, வேப்பிலை அரைச்சுக் குடி" என்பார் வாட்ச்மேன். மெடிக்கல் ஷாப்காரர் எதுவும் கேட்கவே மாட்டார். ஒரு மாத்திரை, ஒரு களிம்பு, பில்! இத்தனைக்கும் காரணமான பேர்வழி மெத்தை மடிப்புக்குள் ஏப்பம் விட்டபடி சுகமாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.

வீட்டில் திருட்டுப் போனால் போலீஸ் என்ன செய்யும்? எத்தனை மணிக்கு, எந்த வழியாக, என்ன தடயம் என்று விசாரிக்கும். பூச்சி கடித்தால் மட்டும் நமக்கு விசாரணையே கிடையாது. நேரே தண்டனைதான். அதுவும் கடிபட்டவருக்கு!

கடித்தது யார் என்று தெரியாமல் மருந்து அடிப்பதும், மருந்து சாப்பிடுவதும் காசுக்குக் கேடு. சில சமயம் உயிருக்கே கேடு. எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் சின்னத் திருடர்களிலிருந்து ஆரம்பிப்போம்.

தழும்பு பொய் சொல்லும்

முதல் பாடம்: தடிப்பை மட்டும் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. தோல் டாக்டர்களே அடித்துச் சொல்லமாட்டார்கள். காரணம், நம் தோலில் வீங்குவது பூச்சியின் கைவரிசை அல்ல; பூச்சியின் எச்சிலை எதிர்த்து நம் உடம்பு நடத்தும் ஆர்ப்பாட்டம். ஒருவர் உடம்பு பந்த் நடத்தும். இன்னொருவர் உடம்பு கண்டுகொள்ளாது.

அதனால்தான் ஒரே ரூமில் ஒருவர் விடிய விடியச் சொறிகிறார்; பக்கத்தில் ஒருவர் குறட்டை விடுகிறார். "எனக்கு ஒண்ணுமே கடிக்கலையே, உனக்குத்தான் ஏதோ வியாதி!" என்று வேறு சொல்வார். அவரையும் கடித்திருக்கும். அவருக்கு வீங்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே தழும்பை ஒதுக்கிவிட்டு நாலு கேள்வி கேளுங்கள். எப்போது கடித்தது? உடம்பில் எந்த இடத்தில்? நீங்கள் எங்கே இருந்தபோது? கூட வேறு யார் சொறிகிறார்கள் (நாய், பூனை, மாடு உட்பட)? முக்கால்வாசி கேஸ் இதிலேயே முடிந்துவிடும்.

வாடகை தராத ரூம்மேட்

தூங்கும்போது மட்டும் கடிக்கிறதா? காலையில் பார்த்தால் கை, கழுத்து, முதுகு என்று துணி மூடாத இடங்களில் மூன்று நாலு தடிப்பு வரிசையாகவோ கும்பலாகவோ இருக்கிறதா? சந்தேகத்தின் முதல் பெயர் மூட்டைப்பூச்சி.

சந்தேகம் போதாது, சாட்சி வேண்டும். மொபைல் டார்ச்சை எடுத்துக்கொண்டு மெத்தையின் தையல் ஓரம், கட்டில் மூட்டு, ஸ்க்ரூ ஓட்டை, சுவர் விரிசல், சூட்கேஸின் ஜிப் எல்லாம் பாருங்கள். பேனா மை சிந்திய மாதிரி கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது அவர்களுடைய கழிப்பிடம். உரித்துப் போட்ட சட்டைகளும் கிடக்கும். ஆளே அகப்பட்டால் சுமார் 5 மில்லிமீட்டர் இருப்பார். ஆப்பிள் விதை போலத் தட்டை, பழுப்பு நிறம். பறக்கத் தெரியாது, குதிக்கத் தெரியாது. பஸ் சீட், ரயில் பெர்த், பழைய ஃபர்னிச்சர், ஊரிலிருந்து வந்த பெட்டி என்று ஓசி சவாரியில் வந்து சேர்ந்தவர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டி.டி.டி. வந்தபோது மூட்டைப்பூச்சியின் கதை முடிந்தது என்றுதான் பல நாடுகள் நினைத்தன. அது மருந்துக்கே பழகிக்கொண்டு, 1990-களின் கடைசியிலிருந்து உலகம் முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. 2023-ல் பாரிஸ் நகரமே மூட்டைப்பூச்சிக்குப் பயந்து அலறியது. நம் மேன்ஷன்வாசிகள் அதைப் படித்து, 'நாங்க எப்பவோ பாரிஸ் ரேஞ்சுக்கு வந்துட்டோம்' என்று காலரைத் தூக்கிவிட்டிருக்கலாம்.

ஒரு நல்ல செய்தி: மூட்டைப்பூச்சி மனிதர்களுக்கு நோய் பரப்புவதாக நிரூபணம் ஆகவில்லை. கெட்ட செய்தி: ரத்தம் கிடைக்காமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 'பொங்கலுக்கு ஊருக்குப் போறேன், பட்டினி கிடந்து சாகட்டும்' என்று ரூமைப் பூட்டிப் போனால், திரும்பி வரும்போது ஆரத்தி எடுக்காத குறையாக வரவேற்கும்.

கொசுவத்திக்கு இது அசராது. ஸ்ப்ரேயில் முட்டை சாகாது. சூட்டுக்குத்தான் பயம், 50 டிகிரிக்கு மேல் தாங்காது. போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் கொதிநீரில் ஊறப் போடுங்கள். கட்டில் மூட்டுகளில் கொதிநீர் ஊற்றுங்கள். பத்து நாள் கழித்து, முட்டை பொரித்திருக்கும் சமயத்தில் இன்னொரு ரவுண்டு. ஒரு ரூமில் மட்டும் செய்தால் சுவர் வழியாகப் பக்கத்து ரூமுக்கு ஷிஃப்ட் ஆகிவிடும். மேன்ஷன் முழுக்க ஒரே நாளில் செய்ய வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். தானிய மூட்டைகளுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை ரூமில் போட்டுக் கதவைச் சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதிலிருந்து வருவது விஷவாயு. பூச்சியோடு பக்கத்து ரூம்காரரும் போய்ச் சேர்ந்த சம்பவங்கள் உண்டு.

பகல் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட்

"கொசுதானே!" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். எந்தக் கொசு ஸார்? அந்தக் கேள்வியில் ஒரு நோபல் பரிசே இருக்கிறது.

ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ டாக்டர், மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்று நிரூபிக்க 1895 முதல் இந்தியாவில் மல்லுக்கட்டினார். மலேரியா நோயாளிகளைக் கொசுக்களுக்குக் கடிக்கக் கொடுப்பார். பிறகு கொசுவின் வயிற்றை அறுத்து மைக்ராஸ்கோப்பில் தேடுவார். ஒன்றும் இருக்காது. இரண்டு வருஷம் கண் பூத்துப் போனதுதான் மிச்சம். தேடிய முறையில் தப்பில்லை, கொசுதான் தப்பு! அவர் அறுத்தது எல்லாம் மலேரியாவுக்குச் சம்பந்தமே இல்லாத ஜாதிக் கொசுக்கள்.

1897 ஆகஸ்ட்டில் செகந்திராபாத்தில், இறக்கையில் புள்ளி போட்ட வேறு வகைக் கொசு கைக்கு வந்தது. ஹுசேன் கான் என்ற நோயாளியைக் கடிக்க வைத்தார். கடிக்கு ஒரு அணா கூலி! ஆகஸ்ட் 20-ம் தேதி அந்தக் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமி அகப்பட்டது. 1902-ல் ராஸுக்கு நோபல் பரிசு. (ஹுசேன் கானுக்குச் சில அணாக்கள்.) இன்றைக்கும் ஆகஸ்ட் 20 உலகக் கொசு தினம்.

அந்தப் புள்ளி இறக்கைக்காரிதான் அனாஃபிலிஸ். 'காரி' என்று சொல்லக் காரணம் உண்டு. ரத்தம் குடிப்பது பெண் கொசு மட்டுமே; முட்டைக்குச் சத்து வேண்டுமே! ஆண் கொசு சைவம். அனாஃபிலிஸ் சுவரில் உட்காரும்போது தலையைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டிருக்கும். நைட் ஷிஃப்ட். நகரங்களில் கிணறு, மூடாத மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி இதற்குப் பிறந்த வீடு.

சாக்கடையில் பிறந்து, ராத்திரி காதுக்குள் ரீங்காரம் பாடுவது க்யூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்புவது இது.

ஆபீஸ்காரர்கள் கவனிக்க வேண்டியது மூன்றாவது ஆளை. காலை பத்து மணி. மேஜைக்கு அடியில் கணுக்காலில் சுருக். சத்தம் கித்தம் இல்லை. மறுபடி சாயங்காலம் நாலு, அஞ்சு மணிக்கு. அடித்துப் பார்த்தால் கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வளையல்கள். இவர்தான் ஏடிஸ். டெங்கு, சிக்குன்குனியா இரண்டுக்கும் ஏஜென்ட். சாக்கடை இவருக்கு ஆகாது. நல்ல தண்ணீர்தான் வேண்டும். மேனேஜர் ரூம் மணி பிளான்ட் பாட்டில், வாட்டர் கூலரின் அடித்தட்டு, மாடியில் கிடக்கும் பழைய டயர், காலி டீ கப் போதும்.

அதனால் ராத்திரி கொசுவலை கட்டிப் படுத்து, 'நான் ரொம்ப ஜாக்கிரதை' என்று சொல்பவருக்கு டெங்கு வந்தால் ஆச்சரியமில்லை. கடித்தது ஆபீஸில்! முட்டை முழுக் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வாரம் ஒரு தடவை தண்ணீரைக் கொட்டி, பாத்திரத்தின் ஓரத்தைத் தேய்த்துக் கழுவினால் வம்சம் அறுந்தது. தேய்ப்பது முக்கியம். ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் காத்திருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

காய்ச்சல் வந்தால் டெங்கு இல்லையென்று தெரியும் வரை பாரசிட்டமால் மட்டும்தான். 'உடம்பு வலிக்குது' என்று ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வகையறாவை நீங்களே வாங்கிப் போடாதீர்கள். ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

கடிக்காமலே காயம்!

மழைக்காலம். ட்யூப்லைட்டைச் சுற்றிப் பூச்சிகள். மறுநாளோ அதற்கு மறுநாளோ கழுத்தில் சாட்டையால் அடித்தாற்போல் ஒரு சிவப்புக் கோடு. எரிச்சல், சின்னச் சின்னக் கொப்புளம். "அக்கிதான், சந்தேகமே இல்லை" என்று பாட்டி தீர்ப்புச் சொல்ல, காவி குழைத்து அக்கி எழுதுகிறவரிடம் அழைத்துப் போய்விடுவார்கள்.

பெரும்பாலும் இது பெடரஸ் என்ற வண்டின் வேலை. ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. கறுப்புத் தலை, ஆரஞ்சு உடம்பு, நடுவில் கருநீலப் பட்டை, எறும்பு மாதிரி ஓட்டம். இது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. வயல்களில் நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உதவுகிற நல்ல பிள்ளை. நம் கழுத்தில் வந்து உட்காரும்போது நாம் 'பட்'டென்று அடித்து நசுக்குகிறோம் பாருங்கள், அப்போது அதன் ரத்தத்திலிருக்கும் விஷம் தோலில் பூசிக்கொள்கிறது. தேய்த்த வழியெல்லாம் கோடு! முழங்கை மடிப்பில் பட்டால், கையை மடக்கும்போது எதிர்ப்பக்கத்திலும் அச்சு விழும். அந்த ஜோடி அச்சைப் பார்த்தாலே ஆளை அடையாளம் சொல்லிவிடலாம்.

நசுக்காதீர்கள். ஊதித் தள்ளுங்கள், அல்லது ஒரு காகிதத்தில் ஏற்றி வெளியே விடுங்கள். பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைக் கசக்க வேண்டாம்.

நிஜ அக்கி வேறு கதை. பெரும்பாலும் கொப்புளத்துக்கு முன்பே வலி வரும். உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாகக் கிளம்பும். அதற்கு மூன்று நாளுக்குள் மாத்திரை ஆரம்பித்தால்தான் முழுப் பலன். காவியை நம்பி அந்த மூன்று நாளைத் தொலைக்காதீர்கள்.

ஜிம்மி கூட்டி வந்த விருந்தாளி

கடியெல்லாம் முழங்காலுக்குக் கீழேதானா? வீட்டில் நாயோ பூனையோ இருக்கிறதா? அப்படியானால் தெள்ளுப்பூச்சியாக இருக்கலாம். தட்டையான குட்டி உடம்பு. பிடிக்கப் போனால் தாவிவிடும். ஒரு சின்ன டெஸ்ட்: பேன் சீப்பால் நாயின் முதுகை வாரி, உதிரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் போடுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் கேஸ் முடிந்தது. அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், ஜீரணமான ரத்தம். நாய்க்கு மருந்து போட்டால் மட்டும் போதாது. அது படுக்கும் சாக்கு, சோபா, விரிப்பு எல்லாவற்றையும் சுத்தம் செய்ய வேண்டும். முட்டையும் புழுவும் அங்கேதான் குடித்தனம்.

1896-ல் பம்பாயில் பிளேக் பரவியபோது, வீடுகளைக் கழுவினார்கள், கொளுத்தினார்கள். நோய் எப்படிப் பரவுகிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. 1898-ல் கராச்சியில் பால்-லூயி சீமோன் என்ற பிரெஞ்சு டாக்டர்தான் கண்டுபிடித்தார்: செத்த எலியை விட்டுக் கிளம்பும் தெள்ளுப்பூச்சி! அங்கேயும் ஆளை அடையாளம் தெரிந்த பிறகுதான் நோய்க்குக் கடிவாளம் போட முடிந்தது.

உண்ணி இன்னொரு ரகம். தாவாது, பறக்காது. ஒட்டிக்கொண்டால் நாள்கணக்கில் ரத்தம் உறிஞ்சிப் பட்டாணி மாதிரி வீங்கும். நாயின் காதுக்குள், விரல் இடுக்கில் தேடுங்கள். நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்து, ஈறு வெளுத்திருந்தால் உண்ணி பரப்பும் ரத்த நோயாக இருக்கலாம். வெட்னரி டாக்டரிடம் ஓடுங்கள். மனிதர் உடம்பில் ஒட்டினால் தீக்குச்சியால் சுடுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது எல்லாம் வேண்டாம். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மெல்ல இழுத்தால் வந்துவிடும்.

ஊரில் மாடு வைத்திருப்பவர்களுக்கு உண்ணி என்றால் பால் கணக்கிலேயே துண்டு விழும். மாட்டு ஈயையும் லேசாக நினைக்க வேண்டாம். வீட்டு ஈ மாதிரியே இருக்கும் ஒரு ஈ, ஊசி போன்ற வாயால் மாட்டின் காலைக் குத்தும். மாடு ஓயாமல் காலை உதறினால் அதுதான். 2019-ல் ஒடிஸாவில் முதலில் தெரிந்து, 2022-ல் நாடெங்கும் மாடுகளை வாரிக்கொண்டு போன பெரியம்மை போன்ற தோல் கழலை நோயைப் பரப்பியதில் இந்த ஈ, கொசு, உண்ணி மூன்றுக்கும் பங்கு உண்டு.

காட்டு உண்ணி இன்னும் மோசம். 1957-ல் கர்நாடகத்தில் ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. பின்னாலேயே மனிதருக்குக் காய்ச்சல். உண்ணிதான் ஏஜென்ட். அந்தக் காட்டின் பெயரே நோய்க்குப் பெயராகிவிட்டது.

கொட்டுகிறவர்கள்

தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நிற்கும். எப்படி எடுப்பது என்று யோசிக்காமல் நகத்தால் உடனே சுரண்டித் தள்ளுங்கள்; நிற்கிற ஒவ்வொரு விநாடியும் விஷம் இறங்குகிறது. ஒரு தேனீயை அடித்து நசுக்கினால் வாழைப்பழ வாசனை மாதிரி ஒன்று கிளம்பும். அது மற்ற தேனீக்களுக்கு 'ஓடி வாங்க' என்கிற சிக்னல். கையை வீசி நிற்காமல் நேரே ஓடி ஒரு கதவைச் சாத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

குளவிக்கும் கதண்டுக்கும் கொடுக்கு உடம்பிலேயே தங்கிவிடும். அதனால் ஒன்றே பல தடவை கொட்டும். தென்னை, பனையில் காகிதப் பானை மாதிரி கூடு தெரிந்தால் கல் வீசி வீரம் காட்ட வேண்டாம். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். பத்து இருபது இடத்தில் கொட்டு வாங்கியவர் நன்றாகத்தான் நடமாடுகிறார் என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறுநீர் குறைவதும் கறுப்பதும் சிறுநீரகம் பாதித்ததற்கு அறிகுறி. சிலருக்கு ஒரே ஒரு கொட்டு போதும்: உதடு வீங்கும், மூச்சு இழுக்கும், தலை சுற்றும். அது நிமிஷக் கணக்கு. சுண்ணாம்பு தேடாமல் 108-க்குப் போன் போடுங்கள்.

தேளில் ஒரு வேடிக்கை. பயங்கரமாகத் தெரியும் பெரிய கருந்தேளுக்கு விஷம் குறைவு. சாதுவாகத் தெரியும் சின்னச் செந்தேள்தான் எமன். பொதுவான விதி: இடுக்கி பருமன், வால் ஒல்லி என்றால் ஆபத்து குறைவு. இடுக்கி ஒல்லி, வால் பருமன் என்றால் உஷார்! இருட்டில் செங்கல் குவியலில் தேட ஒரு தந்திரம் உண்டு. கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா லைட்டை அடித்தால் தேள் பச்சையாக ஜொலிக்கும். (கேஷியர் நண்பரிடம் கடன் வாங்கவும்.)

செந்தேள் கொட்டி வேர்த்துக் கொட்டினால், வாந்தி வந்தால், கைகால் சில்லிட்டால், அதுவும் குழந்தை என்றால் ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. மகாராஷ்டிராவில் மஹாட் பகுதிக் கிராமங்களில் 1970-களின் கடைசியில் வேலை பார்த்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர் என்ற இளம் டாக்டர், தேள் கொட்டியவர்கள் கண்ணெதிரே சாவதைப் பார்த்தார். ராத்திரி பகலாக நோயாளிகளின் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தார். விஷம் தாக்குவது இதயத்தை. நுரையீரலில் நீர் கோத்து உயிர் போகிறது என்று கண்டார். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் பிராசோசின் என்ற சாதாரண மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். பிழைத்தார்கள்! அவருடைய கட்டுரைகள் 1980-களில் லண்டன் 'லான்செட்' இதழில் வந்தன. 2022-ல் பத்மஸ்ரீ.

வலிக்காத கடி

இப்போது, முதலில் சொன்ன அந்த உயிர்ச் சமாச்சாரம்.

இதுவரை பார்த்தவர்கள் எல்லாம் கடித்தார்கள், அரித்தது, வலித்தது, நாம் கத்தினோம். கடித்ததே தெரியாத ஒருவர் இருக்கிறார். அரிக்காது. வலிக்காது. புதரில், புல்லில், எலி நடமாடும் இடத்தில் வாழும் ஒரு பேனா புள்ளி அளவுகூட இல்லாத உண்ணி இனத்துக் குஞ்சு. நாலு நாள் போல நம் தோலில் ஒட்டியிருந்துவிட்டுத் தானாக விழுந்துவிடும். போகும்போது சிலருக்கு ஒரு கிருமியை விட்டுச் செல்லும்.

ஒரு வாரம், பத்து நாள், சில சமயம் மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல். தலையைப் பிளக்கும் வலி. டெங்கு டெஸ்ட்: இல்லை. மலேரியா: இல்லை. டைஃபாய்டுக்கு மருந்து கொடுத்தால் காய்ச்சல் இறங்கவில்லை. கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகத் தாக்கும்.

இதுதான் ஸ்க்ரப் டைபஸ். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் அஸ்ஸாம், பர்மா காடுகளில் குண்டுக்குத் தப்பிய சிப்பாய்களை இது சாய்த்தது. 'அதெல்லாம் காட்டுல இருக்கறவங்களுக்கு' என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் வருஷா வருஷம், முக்கியமாக மழை முடிந்து பனி தொடங்கும் மாதங்களில், ஆஸ்பத்திரிக்கு வருகிற காய்ச்சல்களில் இதுவும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் பந்தைத் தேடிப் புதருக்குள் நுழைபவர், மலையேறுபவர், லீவில் ஊருக்குப் போய் வரப்பில் உட்காருபவர், 'பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடம்' விளம்பரத்தை நம்பிப் புறநகரில் முட்புதருக்கு நடுவே பிளாட் பார்க்கப் போகிறவர், எல்லாரும் லிஸ்டில் உண்டு.

கடித்தவர் ஒரே ஒரு தடயம் விட்டுப் போவார். கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்ட மாதிரி சிறு கறுப்புப் பொருக்கு; சுற்றிலும் சிவப்பு வளையம். எல்லாருக்கும் இருக்காது. ஆனால் இருந்தால் ஏறக்குறைய வாக்குமூலம் மாதிரி. அதைப் பார்த்த டாக்டர் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டுக்குக்கூடக் காத்திருக்காமல் மருந்தை ஆரம்பிப்பார்.

சங்கடம் என்னவென்றால், அது இருக்கும் இடம். அக்குள், இடுப்பில் பெல்ட் இறுக்கும் இடம், தொடை இடுக்கு, ஜட்டிக்குள், காதுக்குப் பின்னால், பெண்களுக்கு மார்பகத்தின் அடியில். வலிக்காததால் நமக்கே தெரியாது. தெரிந்தாலும் 'இதைப் போய் டாக்டர்கிட்ட எப்படிக் காட்டறது?' என்று வெட்கம். அவசரத்தில் இருக்கும் டாக்டர் சட்டைக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார். தடயம் சட்டைக்குள்ளேயே இருக்க, காய்ச்சல் மட்டும் வாரக்கணக்கில் வளரும்.

இதற்கு மருந்து என்ன விலை தெரியுமா? டாக்ஸிசைக்ளின். ஒரு மாத்திரை சில ரூபாய்தான். அல்லது அஸித்ரோமைசின். சரியான நேரத்தில் ஆரம்பித்தால் இரண்டு நாளுக்குள் காய்ச்சல் இறங்குவது வழக்கம். முற்றிய நிலையில் இந்த இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று, வேலூர் சி.எம்.சி. உள்பட இந்திய ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்த ஆய்வு 2023-ல் காட்டியது. மற்றபடி, பொதுவாகக் கொடுக்கும் பென்சிலின் ரக ஆன்டிபயாடிக்குகள் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. சில ரூபாய் மாத்திரையில் தீர வேண்டிய விஷயம் லட்ச ரூபாய் ஐ.சி.யூ.வுக்குப் போவதற்குக் காரணம், கடித்தது யார் என்று யாரும் தேடாததுதான். (அதற்காக நீங்களே மாத்திரை வாங்கி முழுங்காதீர்கள். தேடும் வேலை உங்களுடையது; தீர்ப்பு டாக்டருடையது.)

துப்பறியும் கிட்

செலவில்லாத சாமான்கள்தான். ஒரு செல்லோ டேப், ஒரு காலித் தீப்பெட்டி, மொபைல் டார்ச். கடித்த ஆள் அகப்பட்டால் கூழாக்காமல் டேப்பில் ஒட்டியோ பெட்டியில் போட்டோ வையுங்கள். ஓடிவிட்டால் ஒரு போட்டோவாவது எடுங்கள். தேளைக் கையால் பிடிக்கிற வீரம் வேண்டாம், போட்டோ போதும்.

ராத்திரி அரிப்பு விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் அதிகமாக இருந்து, ரூமில் இருக்கும் எல்லாருமே சொறிந்தால் வெளியே தேடாதீர்கள். அது தோலுக்குள் சுரங்கம் வெட்டும் சொறிப்பூச்சி. எல்லாரும் ஒரே நாளில் மருந்து தடவ வேண்டும். ஒருவர் தப்பினாலும் மறுபடி முதலிலிருந்து.

காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டிவிட்டதா? பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, லைட்டைப் போட்டுக்கொண்டு, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை உங்களை நீங்களே ஒரு தடவை சோதனை போடுங்கள். கண்ணுக்கு எட்டாத இடத்துக்குக் கண்ணாடி. அதற்கும் எட்டாவிட்டால் வீட்டில் ஒருவர் அல்லது கூச்சமில்லாத ரூம்மேட். டாக்டரிடம் போனதும் 'காய்ச்சல் ஸார்' என்று மட்டும் நிறுத்தாமல், எங்கே போனீர்கள், எந்தப் புல்லில் உட்கார்ந்தீர்கள், வீட்டில் நாய் உண்டா, எலி செத்து விழுந்ததா என்பதையும் சொல்லுங்கள். கறுப்புப் பொருக்கு இருந்தால் எந்த இடமானாலும் சரி, காட்டிவிடுங்கள்.

வெட்கம் அரை நிமிஷம்தான். அதற்குப் பிறகு நிம்மதியாக எத்தனை வருஷம் வேண்டுமானாலும் மூட்டைப்பூச்சியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கலாம்!